சத்தியம் வேண்டாம் என்ற என் தம்பி

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு விவசாயி எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தார். அவர் பாலில் தண்ணீர் இருப்பதாக முந்தின நாள் அவருக்குத் தகவல் போயிருந்தது. தகவலை அனுப்பியவள் நான்தான். அயர்லாந்தில், கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பால் பவுடர் தொழிற்சாலையில் பதினாறு வருடங்களாக எனக்கு அதுதான் வேலை. பாலை மெஷினில் வைத்து, எவ்வளவு குளிரில் பனிக்கட்டியாக உறைகிறது என்று பார்ப்பேன். தண்ணீர் கலந்திருந்தால் மெஷின் காட்டிக் கொடுத்துவிடும்.

வந்தவர் சத்தம் போடவில்லை. "இரண்டாவது பாட்டிலைத் திறந்து பாருங்களேன்" என்றார். ஒவ்வொரு பண்ணையிலும் பாலை இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றை சீல் வைத்துக் குளிர் அறையில் வைப்பது இங்கே வழக்கம். அதைத் திறந்தோம். அதிலும் தண்ணீர்தான். பால் கறக்கும் குழாயைக் கழுவிய தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். சிரித்தார், கை குலுக்கினார், போய்விட்டார். யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவில் இருக்கும் என் தம்பிக்கு அந்த இரண்டாவது பாட்டில் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் படித்துறை. அதையும் அவன் வேண்டாம் என்றுவிட்டான். அது நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவள் ஏதோ பக்திக் கட்டுரை எழுதுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் கோபமாக எழுதுகிறேன். தம்பியின் எதிர்வீட்டு முனிரத்தினத்தின் மேல் கோபம், ஊரில் பால் எடுக்கும் கம்பெனி மேல் கோபம், தம்பி மேல் கோபம். சாமி மேலும் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

2

தம்பி பெயர் தணிகாசலம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு தணிகாசலம் இருப்பான். குடிபாலாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். மெயின் ரோட்டில் தெற்கே போனால் வேலூர், வடக்கே போனால் சித்தூர். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, சண்டையில் இரண்டும்.

அவன் பதினோரு வருடம் ஊரின் பால் சென்டரை நடத்தினான். விடிந்தும் விடியாமலும் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அறுபது வீட்டுப் பாலை அளந்து வாங்கி, கொழுப்பு எவ்வளவு என்று ஃபேட் பார்த்து, கேனில் ஊற்றி, கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்புவான். ஒரு நாள் கம்பெனியில் இருந்து சூப்பர்வைசர் வந்து இறங்கினார். உன் கேன் இரண்டில் தண்ணீர் என்று தெரு நடுவில் நின்று தெலுங்கில் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. "நான் கலக்கலை சார்" என்றான் தம்பி. அப்போது எதிர்வீட்டு முனிரத்தினம் முன்னால் வந்து, "நான் என் கண்ணால பாத்தேன் சார். காலைல போர் பைப்பத் தொறந்து கேன்ல வுட்டான்" என்றான்.

முனிரத்தினம் எங்களுக்கு அண்ணன் முறை. சொந்த அண்ணன் இல்லை, ஆனால் எங்கள் நைனா செத்தபோது பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவன். அவன் சொன்ன பிறகு யார் வேறு மாதிரி நினைப்பார்கள்? அடுத்த வாரம் சென்டர் தம்பியிடமிருந்து போய்விட்டது. அதற்கடுத்த வாரம் முனிரத்தினம் வீட்டு முன்னறையில் அதே மெஷின், அதே கேன், அதே போர்டு. சாட்சி சொன்னவனுக்கே சென்டர். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்கு அது கண்ணில் படவே இல்லை. எங்கள் வீட்டுக்குத் "தண்ணி வூடு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

தம்பி மனைவி கோமதிதான் எனக்குப் போன் செய்து சொன்னாள். தம்பி சொல்லவில்லை. "இவுரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு அண்ணி. சாமி பாத்துக்கினு கீதுன்னு சொல்லிக்கினு மாட்டக் குளிப்பாட்டிக்கினு கீறாரு. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குதுங்க. தண்ணி தண்ணின்னு கூப்புடறாங்களாம்."

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பயமா இல்லையாடா உனக்கு?"

"பயமாத்தான்க்கா கீது. ராத்திரில தூக்கமே இல்ல."

"அப்போ எதாவது பண்ணு. கம்பெனிக்கு எழுது. போலீஸுக்குப் போ."

"சாமிக்குத் தெரியும்க்கா. அவரு பாத்துக்குவாரு."

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எத்தனை நாள் நிற்கும், எங்கே நிற்கும், விசாரிக்க ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நான் அயர்லாந்தில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டேன். இங்கே எதற்கும் ஒரு ஃபாரம் உண்டு, ஃபாரத்துக்கு ஒரு நம்பர் உண்டு, நம்பருக்கு ஒரு பதில் உண்டு. சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

3

கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒன்பது மெயில் அனுப்பினேன். உறைநிலை எவ்வளவு காட்டியது, யார் பார்த்தார்கள், கேனை சீல் வைத்தது யார், வண்டி வழியில் எங்கே நின்றது, எல்லாம் வரிசையாகக் கேட்டேன். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று ஒன்பது பதில் வந்தது. ஒன்பதிலும் ஒரே வாக்கியம்.

நேரில் போகலாம் என்றால் விசா. நான் இப்போது அயர்லாந்துக் குடிமகள். என் பிறந்த ஊருக்குப் போக நான் அனுமதி கேட்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நைனாவின் பெயர் ஒரு மாதிரி, பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். செத்துப்போன மனுஷன், எத்தனை பேராக இருந்தால் இவர்களுக்கென்ன?

என் மகள் கயலுக்குப் பதினேழு வயது. நான் இதையெல்லாம் நிரப்புவதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். மாமா பேசும் தமிழ் புரியாது. வீடியோவில் அவன் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள். "மாமா தப்பு செய்யவில்லை என்றால் ஏன் சண்டை போட மாட்டேன் என்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அவன் சாமியை நம்புகிறான்" என்றேன்.

"நீ?"

நான் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறவள். சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறும் என்று, அடுப்புக்கு மேல் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு அதற்கு அடியில் நின்று கும்பிடுவேன். நானும் நம்புகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

4

பால் கம்பெனியின் வட்டார ஆபீஸ் திருப்பதியில் இருந்தது. விசா கிடைத்து, விமானம் இறங்கியதும் நேராக அங்கே போனேன். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். உட்காரச் சொன்னார்கள். ஜன்னலில் மலை தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. மேனேஜர் ஹைதராபாத்தில் இருந்து வந்த யாருக்கோ தரிசனத்துக்கு ஏற்பாடு செய்யப் போயிருக்கிறாராம். திருப்பதியில் ஆபீஸ் வைத்திருக்கிற எவனுக்கும் பாதி வேலை அதுதான். சொந்தக்காரன், சொந்தக்காரனுக்குத் தெரிந்தவன், மேலதிகாரியின் மச்சினன், எல்லாரும் மலைக்குப் போக இவரைத்தான் பிடிப்பார்கள்.

மத்தியானம் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். முதல் கேள்வி, "தரிசனம் ஆயிந்தா மேடம்?"

ஆகவில்லை, நான் அதற்கு வரவில்லை என்றேன். என் வேலையைச் சொன்னேன், தம்பி கேஸைச் சொன்னேன், ரிப்போர்ட் கேட்டேன். பாதித் தெலுங்கு மறந்துபோயிருந்தது. நடுநடுவே ஆங்கிலத்தில் ஸாரி, ஸாரி என்று வந்துகொண்டே இருந்தது. அயர்லாந்தில் பத்தொன்பது வருடம் யார் காலை யார் மிதித்தாலும் ஸாரி சொல்லிப் பழகிய வாய். ஏமாற்றப்பட்டவள் நான், ஸாரியும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தேடினார். "பழைய ரிப்போர்ட் கஷ்டம் மேடம். சாம்பிள் எல்லாம் அன்னிக்கே கொட்டிடுவாங்க" என்றார் தமிழில். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "அவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. தெரிஞ்சவங்க இருக்காங்க, நாளைக்குக் காலைல தரிசனத்துக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

நியாயம் கேட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தவளுக்கு ஏழுமலையானைக் காட்டி அனுப்பப் பார்க்கிறார். ரிப்போர்ட்டும் கிடைக்கவில்லை, தரிசனத்துக்கும் போகவில்லை. ஆனால் வெளியே வரும்போது "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறும்வரை அதற்காக என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கதைதான். "ராசி இய்யண்டி, சூஸ்தாம்" என்றார் ஏட்டு. எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

5

அதற்குப் பிறகுதான் எனக்குக் காணிப்பாக்கம் ஞாபகம் வந்தது.

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையார். எங்கள் பக்கத்துச் சண்டை எல்லாவற்றுக்கும் கடைசிக் கோர்ட் அதுதான். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றியா?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் வழக்கு அங்கே நிற்கும். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதிக்கு முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னவன் விளங்க மாட்டான் என்பதில் எங்கள் ஜனங்களுக்குச் சந்தேகமே கிடையாது. கண் போன கதை, கை கால் போன கதை, வாரிசு இல்லாமல் போன கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. வக்கீலை ஏமாற்றுகிறவன்கூட அந்தப் படியில் இறங்க யோசிப்பான்.

நான் நேராக முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். அவன் பால் அளந்துகொண்டிருந்தான். பத்துப் பேர் செம்போடு நின்றார்கள்.

"காணிப்பாக்கம் வர்றியாண்ணா?" என்றேன்.

அளந்த கை நின்றுவிட்டது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் அங்கேயே தோற்றான். "வர்றேம்மா. எனக்கின்னா பயம்" என்றான்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னபோது அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "யாரக் கேட்டுக்கினு இப்டிப் பண்ண?" என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கோமதி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்ததாலதான் அண்ணி" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் முனிரத்தினத்தை என்ன செய்வார் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவர் எதையாவது செய்வார் என்று நான் நம்பியிருக்கவும் இல்லை. எனக்குத் தேவை முனிரத்தினத்தின் பயம். அந்தப் படியில் அவன் கால் நடுங்க வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உளற வேண்டும். அதுதான் என் இரண்டாவது பாட்டில்.

6

அடுத்த திங்கட்கிழமை காலை, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர், நான், தம்பி, கோமதி, முனிரத்தினமும் அவன் மனைவியும். ஒரே வேனில் போனோம். சண்டைக்காரர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்து போவது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

படித்துறையில் கூட்டம் அதிகம் இல்லை. முனிரத்தினம் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தான். வாட்சைக் கழற்றப் போனான். அது வரவில்லை. பட்டையோடு மல்லாடினான். அவன் மனைவி குனிந்து அதை அவிழ்த்தாள். அவள் எங்களை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மாற்று வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றாள்.

அவன் ஒரு படி இறங்கினான். இரண்டாவது படி இறங்கினான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. இப்போது உளறுவான், இப்போது திரும்புவான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பவில்லை. மூன்றாவது படிக்குக் காலை எடுத்தான்.

என் பக்கத்தில் நின்ற தம்பி போட்டிருந்த பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்தான்.

"போதும்ண்ணா. வா, வூட்டுக்குப் போலாம்."

பெரியவர்களில் ஒருவர், "இன்னாடா தணிகா?" என்றார்.

"சத்தியம் வேணாம். எனக்கு வேணாம்."

"நீ வேணாம்னா அதுக்கு அர்த்தம் இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஊரு உன்னத்தான் கேக்கும். அப்புறம் எவன் கைலயும் பேச முடியாது."

"கேக்கட்டும்."

முனிரத்தினம் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, இங்கே எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். எத்தனை மெயில், எத்தனை ஆபீஸ், எத்தனை லீவு. ஜெயிக்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் எதிராளியைக் கைபிடித்து மேலே ஏற்றுகிறான்.

அவன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னான். "அவன் பொய்தான்க்கா சொல்லப் போனான். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே எறக்கி உட்டா, அப்பறம் அவன் வூட்ல எது நடந்தாலும் அது நான் பண்ணதுதான. அந்தப் பொம்பள மேல நின்னுக்கினு கீறா. அவ இன்னா பண்ணா?"

"நீ சாமியை நம்புறவன்தானே? இங்கேயே தீரட்டும்னு விட வேண்டியதுதானே?"

"நம்பறதாலதான்க்கா" என்றான்.

அன்றைக்கு அந்தப் படித்துறையில் பிள்ளையாரை நிஜமாக நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவன் பயந்து நடுங்கிக்கொண்டு பொய் சொல்லப் போனவன். இன்னொருவன் அவனைத் தடுத்தவன். நான் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவள்.

7

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது, முனிரத்தினம் மனம் திருந்தி ஊர் முன்னால் உண்மையைச் சொன்னான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

தணிகாதான் பயந்துபோய்ச் சத்தியத்தை நிறுத்திவிட்டான் என்று அன்று சாயங்காலமே ஊர் முடிவு செய்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முன்பாவது கலக்கியிருப்பான் என்று சொன்னார்கள், இப்போது கலக்கினான் என்றே சொல்கிறார்கள். பெரியவர்கள் பஞ்சாயத்து முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். கோமதி என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால் கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கியிருக்கும் என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். அதுவும் சரிதான்.

முனிரத்தினத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்டர் நடக்கிறது. போன தையில் அவன் மாடு, மாட்டுக்காரர்கள் ஆசைப்படுகிற கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று, போட்டது. நான் இங்கே குளிர் அறையில் நின்று பிள்ளையாரிடம் கேட்கிறேன், ஒரு கிடேரிதான் உன் தீர்ப்பா என்று. தம்பியைத் தெருவில் பார்த்தால் முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு போகிறானாம். அதையும் கோமதிதான் சொன்னாள். தலை குனிந்தால் போதுமா? பிள்ளைகளை இன்னும் தண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி தன் வீட்டுப் பாலை மொபெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் சென்டருக்குப் போய் ஊற்றிவிட்டு வருகிறான். அவன் பால் என்றால் அங்கே இரண்டு தடவை டெஸ்ட் செய்கிறார்கள். "நல்லதுதான்க்கா, ரெண்டு தபாவும் சரியாத்தான காட்டுது" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கயலிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்போ அவர் வேண்டுமென்றே தோற்றாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வழக்கமாக இதற்கு ஒரு கிண்டல் வரும். வரவில்லை. "அப்போ அவர் செய்யவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

என் தம்பியை எனக்குத் தெரியாதா என்று அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். தேவைக்கு மேலேயே கத்தினேன்.

8

அந்தக் கத்தலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி தண்ணீரில் இறங்கி முனிரத்தினம் கையைப் பிடித்த அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது கோபம் இல்லை. அப்படியானால் நிஜமாகவே கலக்கிவிட்டானா என்றுதான் தோன்றியது. அவன் காரணம் சொன்ன பிறகும் அது போகவில்லை. வேனை அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். சித்தூர் வரும்வரை நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வேலை அப்படி. ஒரே ரிசல்ட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று பதினாறு வருடமாகப் படித்த மூளை. தப்பு செய்தவனும் இதே மாதிரி சத்தியத்தை நிறுத்துவான், இதே மாதிரி அழகாகப் பேசுவான் என்று அது கணக்குப் போட்டது. விமானம் ஏறுவதற்குள் அந்தச் சந்தேகம் போய்விட்டது. ஆனால் வந்தது நிஜம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் செய்தேன். டீ குடித்துவிட்டுப் போன விவசாயியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான். மாட்டைப் பற்றிச் சொன்னான், பிள்ளைகள் பரீட்சை பற்றிச் சொன்னான். மழை இல்லை என்றான். போனை வைத்துவிடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன்.

"தணிகா, ஒண்ணு சொல்லணும்டா" என்றேன். "அன்னைக்குக் காணிப்பாக்கத்துல நீ அவன் கையப் புடிச்சப்ப, நானும் உன்ன சந்தேகப்பட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"தெரியும்க்கா" என்றான். "பஸ்ல நீ என் மூஞ்சயே பாத்துக்கினு வந்த."

"ஏன்டா ஒண்ணும் சொல்லல?"

"இன்னா சொல்றது? ஊரு சொன்னதுகூட எனக்கு அவ்ளோ நோவலை."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவன் அவசரமாக, "அழுவாதக்கா, அதையும் அப்பவே சாமிகிட்ட உட்டுட்டேன்" என்றான். "முனிரத்தினத்துக்கு இன்னா வேண்டிக்கினேனோ அதத்தான் உனக்கும் வேண்டிக்கினேன்."

என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவனே சொன்னான்.

"ஒண்ணும் பண்ணிடாதன்னு."